இருபது கழிப்பறையும் மூன்று கவரும்

"நீ ஜெயிக்கவே வேணாம் மச்சான். தோத்தா போதும்" என்றார் இளஞ்செழியன்.

"தோக்கறதுக்கு நான் எதுக்கு மாமா? அது உங்களுக்கே நல்லா வருமே" என்றான் சுப்பன்.

கீழ்பென்னாத்தூரில் மாட்டுத் தரகு செய்யும் சுப்பன், இளஞ்செழியனின் மனைவி பாஞ்சாலைக்குத் தம்பி. அக்கா புருஷன் பஸ் ஏறித் தேடி வந்தால் ஒன்று கைமாற்று, இல்லை கையெழுத்து என்பது அவனுக்குத் தெரியும். இன்றைக்குக் கையெழுத்து.

விஷயம் இதுதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் இருபது நடமாடும் கழிப்பறைகளை வைத்துப் பராமரிக்க ஒன்றிய ஆபீசில் ஆள் தேடினார்கள். விலையை மட்டும் பார்க்க மாட்டார்களாம். வேலையை எப்படிச் செய்யப்போகிறோம் என்று விவரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதியதன் தரத்துக்கு எழுபது மார்க், விலைக்கு முப்பது. மூன்று பேரிடமிருந்து மூன்று டெண்டர் கவராவது சேராவிட்டால் அழைப்பு ரத்து. மறுபடி விளம்பரம் போடுவார்கள். சென்னையிலிருந்து ஏதாவது பெரிய கம்பெனி மோப்பம் பிடித்து வந்துவிடும்.

இளஞ்செழியனுக்கு இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். அடி அண்ணாமலையில் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விட்டுக்கொண்டு சிவனே என்று இருந்த மனிதர், வேலூரில் ஒரு கம்பெனி மூடியபோது ஏலத்தில் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று இருபது கழிப்பறைகளை லாரியில் ஏற்றி வந்துவிட்டார். எட்டு மாதமாக அவை வீட்டுப் பின்புறம் நீல நிறத்தில் அணிவகுத்து நிற்கின்றன. கோடியில் இருப்பதில் ஒரு கோழி அடைகாக்கிறது. கிரிவலம் வருகிறவர்கள் கொல்லைப் பக்கமாக நுழைந்து, துணி துவைத்துக்கொண்டிருக்கும் பாஞ்சாலையிடம் "எவ்ளோம்மா?" என்று சில்லறையை நீட்டுகிறார்கள். கார்த்திகை தீபத்துக்குள் அவை கொல்லையை விட்டுப் போகாவிட்டால் தான் போய்விடுவதாக அவள் சொல்லியிருந்தாள். தம்பி வீட்டுக்குத்தான். அதனால் சுப்பனுக்கும் இதில் அக்கறை உண்டு.

ஆனாலும் பேரம் பேசாமல் சுப்பன் கையெழுத்துப் போட்டால் அவன் தொழிலுக்கு என்ன மரியாதை? மகன் காதுகுத்துக்குப் பந்தல் இலவசம் என்று படிந்தது. மூன்றாவது கவருக்கு, ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு இஞ்சி டீ போடும் இளஞ்செழியனின் நண்பர் அன்பரசன் மட்டும் என்ன ஏது என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மூன்று கவருக்கும் உள்ளே இருந்ததை எழுதியவர் இளஞ்செழியன்தான். தன்னுடையதை அளவாக, நியாயமாக எழுதினார். மற்ற இரண்டிலும் விலையை ஏற்றி, விவரத்தை நாலே வரியில் முடித்தார். எந்த அதிகாரி படித்தாலும் வேண்டவே வேண்டாம் என்று தள்ளிவிட வேண்டும். அவ்வளவு கவனமாக எழுதியிருந்தார்.

நான்காம் நாள் ஒன்றிய ஆபீசிலிருந்து ஆராயி போன் செய்தாள். அங்கே உதவியாளராக இருப்பவள். பொங்கலுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்து இளஞ்செழியன் சம்பாதித்து வைத்திருந்த உள்ளாள்.

"அண்ணே, மாட்டுக்காரரும் டீக்கடைக்காரரும் தேறமாட்டாங்க போலருக்கு. தரத்துக்கு மார்க்கு பத்தலையாம். தள்ளிட்டா உங்க கவரு ஒண்ணுதான் நிக்கும். அப்புறம் மறு அழைப்புதான். விளக்கம் கேட்டு மூணு பேருக்கும் லெட்டரு வருது, பாத்து எழுதுங்க."

இளஞ்செழியன் சுப்பன் சார்பில் விளக்கம் எழுத உட்கார்ந்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தம் என்று தொடங்கினார். வியாபாரி கை, வாக்குறுதி கொடுக்க ஆரம்பித்தால் நிற்காது. மணிக்கு ஒருமுறை கழுவல், வாசலில் சாம்பிராணி, வயதானவர்களுக்குக் கைப்பிடி என்று எழுதிக்கொண்டே போனார். அன்பரசனுக்கு ரோஜா வாசனை சோப்பும் ஆள் உயரக் கண்ணாடியும் சேர்த்தார்.

அடுத்த வாரம் ஆராயி மறுபடி கூப்பிட்டாள். இப்போது மார்க்கில் மாட்டுக்காரர் முதல், டீக்கடைக்காரர் இரண்டாவது, அண்ணன் கடைசியாம்.

அன்று சாயங்காலம் இளஞ்செழியன் கூடத்தில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு பொருமினார்.

"இந்த சுப்பனுக்கு எவ்ளோ கொழுப்பு பாத்தியா? மணிக்கொரு தரம் கழுவறானாம்."

"அத எழுதனது நீங்கதான?" என்றாள் பாஞ்சாலை.

"எழுதனா? ஒரு நியாயம் வேணாமா?"

சுப்பன் போட்ட சாம்பிராணியைத் தானும் போட்டார். கூடவே குழந்தைகளுக்குத் தனிக் கழிப்பறை, ராத்திரி முழுக்க இரண்டு ஆட்கள். இப்போது அன்பரசன் தேறாத அளவுக்குப் பின்தங்கிவிட்டதாகத் தகவல் வந்தது. அவரைத் தூக்கிவிட்டால் சுப்பன் இறங்கினான். இப்படி இரண்டு வாரத்தில் கிரிவலப் பாதைக் கழிப்பறை கல்யாண மண்டபம் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

கடைசியாக விலையில் வந்து மாட்டியது. மற்ற இருவர் விலையும் மதிப்பீட்டைத் தாண்டுகிறது, அப்படியே இருந்தால் தள்ளுபடிதான், புதன்கிழமை நேரில் வந்து குறைத்துச் சொல்லலாம் என்றாள் ஆராயி. இளஞ்செழியன் இருவரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். தன் விலைக்கு ஐந்நூறு ரூபாய் மேலே சொல்ல வேண்டும். தலை போனாலும் அதற்குக் கீழே இறங்கக் கூடாது.

புதன்கிழமை அன்பரசன் சொன்னதைச் சொன்னபடி சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். அடுத்து இளஞ்செழியன். பி.டி.ஓ. கவிநிலா சின்ன வயதுக்காரி. அவர் சொன்ன விலையைச் சிரித்த முகமாகக் குறித்துக்கொண்டாள். அவர் வெளியே வந்து வராந்தாவில் நின்றார். கதவு திறந்துதான் இருந்தது.

உள்ளே போன சுப்பன் தோளிலிருந்து துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டு, துண்டோடு கையை நீட்டினான். மாட்டுச் சந்தையில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் சொல்வார்கள்.

"இங்க வாயாலயே சொல்லலாம்ங்க" என்றாள் கவிநிலா.

சுப்பன் திணறி, மாமா சொல்லிக் கொடுத்த விலையைச் சொன்னான்.

"கொஞ்சம் கம்மி பண்ணக் கூடாதா?"

அந்த ஒரு கேள்வி போதும். இருபது வருஷத் தரகில், கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை அவன். ஐந்நூறு இறங்கினான். அவள் உதட்டைப் பிதுக்கினாள். ஆயிரம் இறங்கினான். பொருளைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம், சாதுவானது, எந்த இடத்தில் கட்டினாலும் அடங்கி நிற்கும் என்றான். இரண்டாயிரம் இறங்கினான். வராந்தாவில் இளஞ்செழியன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"முடிச்சுக்கலாமா?" என்றாள் கவிநிலா.

"படிஞ்சுதுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டான் சுப்பன்.

அரை மணியில் முடிவு சொல்லிவிட்டார்கள். வேலை சுப்பனுக்கு. சாம்பிராணி, கைப்பிடி, மணிக்கொரு கழுவல் எல்லாம் சேர்த்து, இளஞ்செழியன் முதலில் கேட்டதில் முக்கால் விலைக்கு. சுப்பன் ஜெயித்த சந்தோஷத்தில் மாமாவைத் தேடினான். மாமா பின்பக்கமாகப் போய், டீ டம்ளர் கழுவிக்கொண்டிருந்த ஆராயியைப் பிடித்தார்.

"என்னம்மா ஆபீசு இது? அந்தாளுகிட்ட சொந்தமா ஒரு கக்கூஸ்கூட கிடையாது. இதையெல்லாம் விசாரிக்க மாட்டாங்களா?"

ஆராயி டம்ளர்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு கவரும் உங்களதுதான்னு பி.டி.ஓ. அம்மாவுக்கு மொத நாளே தெரியும்ண்ணே, வேற ஆளு யாரும் வரல, அதான் உங்களயே உங்க கூட மோதவிடலாம்னு அப்பப்ப எனக்கு போன் போடச் சொன்னாங்க."