முந்நூறு மெஷின் கன்னையன்

பொருளைத் தயாரித்து முன்னேறியவன் உலகத்தில் ஒருவனும் கிடையாது. தொடர்புகளைத் தயாரித்தவன்தான் முன்னேறினான். இந்தப் பேருண்மையை 2006-ஆம் ஆண்டிலேயே திருப்பூருக்கு எடுத்துச் சொன்னவன் அடியேன் தங்கதுரை. அதற்காக ஊர் எனக்கு இதுவரை ஒரு பொன்னாடைகூடப் போர்த்தவில்லை. போகட்டும்.

நான் நிறுவிய 'கொங்கு வணிக உறவு விரிவாக்கப் பேரவை' புதன்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு ஒரு ஹோட்டல் மாடியில் கூடும். உறுப்பினர்கள் பதினான்கு பேர். பதினான்கு பேரும் பனியன் தயாரிப்பவர்கள். ஒவ்வொருவரும் ஒரு வியாபார வாய்ப்பை அடுத்தவருக்கு வழங்கியே ஆகவேண்டும் என்பது விதி. ஒருமுறை முதல் உறுப்பினர் வழங்கிய, சரக்கு விலை கேட்டு வந்த விசாரணைக் கடிதம், வாரம் ஒருவராகக் கை மாறி, பதினான்காவது வாரம் அவரிடமே பத்திரமாக வந்து சேர்ந்தது. 'சுழற்சி வெற்றிகரமாக நிறைவுற்றது' என்று தீர்மானம் போட்டுக் கைதட்டினோம்.

இந்தப் பேரவையில் சேராமல் வெகுகாலம் வீணாகிக்கொண்டிருந்தவர் எங்கள் ஊர் ராயபுரத்துக் கன்னையண்ணன். நாற்பது மெஷின் வைத்துக் குழந்தை பனியன் தைத்துக்கொண்டிருந்தார். கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை எல்லாவற்றையும் தானே தொட்டுப் பார்ப்பார். அவர் மனைவி மயிலாத்தாள் அக்கா கூடவே உட்கார்ந்து பிசிறு வெட்டுவார். இப்படி உற்பத்தியிலேயே நேரத்தைத் தொலைத்தால் மனிதன் எப்போது 'வளர்வது'? இருபது வருடமாகச் சரக்கெடுத்த கல்கத்தா வியாபாரி அந்த வருடம் கடையை மூடிவிட்டார். தீபாவளிக்குள் புது ஆர்டர் பிடிக்காவிட்டால் கம்பெனிக்குப் பூட்டுதான் என்ற நிலையில் அண்ணன் என்னைத் தேடி வந்தார். விளம்பர வெப்சைட் போட்டுத் தருவதுதான் என் தொழில் என்பதால், மறுநாளே விவரம் கேட்க அவர் கம்பெனிக்குப் போனேன்.

"வெப்சைட்டுக்கு விவரம் வேணுமுங்கண்ணா. எத்தனை மெஷினுங்க?"

"நாப்பதுங் தம்பி."

"நாப்பதுன்னா எவனுங்க மதிப்பான்? முந்நூறுன்னு போட்டுக்கலாமுங்க."

"மிச்சம் இருநூத்தி அறுபது எங்கீங்க இருக்குது?"

"அது நம்ம 'விஷன்'ங்கண்ணா."

மயிலாத்தாள் அக்கா கையிலிருந்த கத்திரியைக் கீழே வைத்தார். "ஏனுங் தம்பி, உள்ளதைச் சொல்லி வேலை கேட்டா ஆகாதுங்களா?"

"உள்ளதைச் சொன்னா அது வெறும் தகவலுங்கக்கா. இது ஆன்லைன் மார்க்கெட்டிங்."

ஸ்டுடியோக்காரர் எல்லாருக்கும் மாட்டிவிடும் அந்த ஒரே கோட்டை அண்ணனுக்கும் மாட்டிப் படமெடுத்து, இணையத்தில் ஏற்றினேன். பத்தே வாரத்தில் டென்மார்க்கிலிருந்து ஓர் அம்மையார் சாம்பிள் கேட்டு எழுதினார். அனுப்பினோம். பிடித்துப்போய், ஃபேக்டரியைப் பார்க்க நேரிலேயே வருவதாகப் பதில் வந்தது.

முந்நூறு மெஷினுக்கு எங்கே போவது? பிறகு பேரவை எதற்கு இருக்கிறது? எங்கள் தலைவரின் மூன்று மாடி ஃபேக்டரி ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் கிடக்கும். அதன் பெயர்ப்பலகை மேல் கன்னையண்ணன் பெயரில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினோம். ராயபுரம் கம்பெனியைப் பூட்டி, நாற்பது டெய்லர்களையும் வேனில் ஏற்றி வந்தோம். அதே கோட்டை வாடகைக்கு வாங்கி அண்ணனுக்கு மாட்டிவிட்டேன். மாடிக்கு நூறு மெஷின். ஆள் மொத்தமே நாற்பது. எனவே அம்மையார் ஒரு மாடியைப் பார்த்துவிட்டுக் காபி குடிக்கும் நேரத்தில், நாற்பது பேரும் பின்படி வழியாக ஓடி அடுத்த மாடியில் உட்கார்ந்து தைக்கவேண்டும் என்று 'செயல்திட்டம்' வகுத்தேன். காலியாகத் தெரியும் மற்ற அறுபது மெஷின்களின் ஆட்களும் டீக்குப் போயிருப்பதாக ஏற்பாடு.

டெய்லர் முத்துப்பேச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருக்கு மட்டும் ஒரு சந்தேகம். "எங்க ஓனருக்காவ ஓடுதோம் சார். ஆனா மூணு மாடியிலயும் எம் மூஞ்சியவே பாத்தா அந்தம்மா என்ன நெனைக்கும்?"

"தரம் ஒரே மாதிரி இருக்குதுன்னு நெனைப்பாங்க," என்றேன்.

மூன்றாவது மாடியில் அம்மையார், மூச்சிரைக்க உட்கார்ந்திருந்த முத்துப்பேச்சியை உற்றுப் பார்த்தார். கன்னையண்ணனோ அப்போதுதான் தைத்து விழுந்த ஒரு பனியனை எடுத்து, பழக்கதோஷத்தில் தையலைத் திருப்பிப் பார்த்தார். பிசிறை நறுக்கினார். குழந்தைக்கு உறுத்துமா என்று தன் கன்னத்தில் தேய்த்தும் பார்த்தார். கோட்டுப் போட்ட முதலாளி செய்கிற காரியமா இது? எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அம்மையார் அந்தப் பனியனைக் கையில் வாங்கிக்கொண்டு என்னிடம் வெகுநேரம் பேசினார். அங்கே ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"என்னங் தம்பி சொல்றாங்க?" என்று கேட்டார் அண்ணன்.

"ரொம்பப் பெரிய ஃபேக்டரியா இருக்குதாமுங்க. யோசிச்சுச் சொல்றாங்களாம்."

"அத்தனை நேரம் பேசுனாங்க, நீங்க ஒத்தை வரியில முடிச்சுப்போட்டீங்களே," என்றார் மயிலாத்தாள் அக்கா.

"இங்கிலீஷ் கொஞ்சம் நீளமான பாஷைங்கக்கா."

ஆர்டர் வரவில்லை. தீபாவளிக்கு முன்பே ராயபுரத்தில் பூட்டு விழுந்தது. நாற்பது டெய்லர்களும் ஆளுக்கொரு கம்பெனியாகப் பிரிந்து போனார்கள். 'திறமைகள் பரவலாக்கப்பட்டன' என்று பேரவையின் மினிட்ஸில் எழுதினேன். கன்னையண்ணன் இப்போது நிஜமாகவே முந்நூறு மெஷின்களுக்கு நடுவில்தான் இருக்கிறார். தலைவரின் ஃபேக்டரியில் செக்கிங் வேலை. என்னைக் கண்டால் இன்றும் எழுந்து நிற்கிறார்.

"உங்களால ஆனதைச் செஞ்சீங்க தம்பி. எனக்குத்தான் குடுப்பினை இல்லீங்க," என்கிறார்.

நல்ல மனிதர். அதனால்தான் அந்த அம்மையார் பேசியதில் மீதியை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. சாம்பிளின் தையலைப் பார்த்துச் சின்ன இடம் என்று நினைத்தே வந்தேன், வெப்சைட்டின் முந்நூறை நம்பவில்லை, ஆனால் இவ்வளவு பெரிய இடத்துக்கு நான் ஆர்டர் கொடுப்பதில்லை என்றார். ஐம்பது மெஷினுக்குள், இவரைப் போல முதலாளியே ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கிற சின்ன இடம் ஏதாவது தெரியுமா, தெரிந்தால் இன்றைக்கே ஆர்டர் தருகிறேன் என்றார். தெரியாமல் என்ன? ராயபுரம் அங்கிருந்து பத்து நிமிடம். சாவி அண்ணனின் கோட்டுப் பையிலேயே இருந்தது. திருப்பூரில் அப்படி ஓர் இடமே கிடையாது என்று சொல்லி அனுப்பிவைத்தேன். வேறென்ன செய்ய? நாற்பது மெஷினை நாற்பது என்று சொன்னாலே ஆர்டர் கிடைக்கும் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால், அப்புறம் நான் எதை விற்பது?