சுண்ணாம்பு டப்பா மைல்கல்

மூன்றாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தர்மபுரியில் அரிசி மில் கட்டினேன். கல்யாண மண்டபம் கட்டினேன். தண்ணீரே கிடையாது என்று ஊரே கைவிட்ட இண்டூர் மேட்டில் கிணறு வெட்டி மாந்தோப்பு போட்டேன். சர்க்கரை வியாதி வந்ததும் ஒரு நடைச் சங்கமும் கட்டினேன். இத்தனை கட்டிய என்னை, ஒரே மலையை ஒரே நாளில் இரண்டு தடவை ஏறவைத்தவர் உலகத்தில் ஒருவர்தான். மைல்கல்.

ரோடு போடும் வேலையில் கிடந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே சந்தேகம். ஒரு கையில் சுண்ணாம்பு டப்பா, மறு கையில் தேங்காய் நார் பிரஷ். காலடியை எண்ணிக்கொண்டே நடந்து, பர்லாங்குக்கு, அதாவது அரைக்கால் மைலுக்கு, ஒரு வெள்ளைக் கோடு இழுப்பார். மகள் கல்யாணப் பத்திரிகையில், ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபம் மூன்று பர்லாங் நாற்பது அடி’ என்று அச்சடித்த மனிதர். எண்ணிக்கை தவறினால் கடைசிக் கோட்டுக்குத் திரும்பிப் போவார். கூட வந்தவர்களும் போக வேண்டும். யாரையும் தனியே விடக்கூடாது என்பது சங்கத்தின் விதி. அதைப் போட்டவனும் நான்தான்.

எண்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி சனி, ஞாயிறு. சங்கத்து ஆட்கள் ஐந்து பேர் வத்தல்மலைக்குப் போனோம். அப்போது மேலே போக ஒற்றையடிப் பாதைதான். விடாத தூறல்.

“ஏனுங்க மைல்கல், மில்லுல புது மோட்டார் மாட்டியிருக்கனே, பாத்தீங்களா?” என்றேன்.

நின்றார். “எண்ணிக்கை போச்சு. வாங்க, கீழ போலாம்.”

“யோவ், மழைய்யா.”

“மழை பேஞ்சா அடி கொறைஞ்சிடுமா? வாங்க.”

நானும் சும்மா இருக்கவில்லை. மோட்டார், மண்டபம், கிணறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு தடவையும் கடைசிக் கோட்டுக்கு இறங்கினோம். கூட்டிப் பார்த்தால் மலையை இரண்டு தடவை ஏறிய கணக்கு.

மேலே ஊர்க்கவுண்டர் கைகூப்பி நின்றார். பாறையெல்லாம் வெள்ளைக் கோடு இருப்பதைப் பார்த்து, ஊர்க்காரர்கள் எங்களை ரோட்டுக்கு அளக்க வந்த சர்க்கார் ஆட்கள் என்று நினைத்துவிட்டார்கள். கோழி அடித்துக் களி போட்டார்கள். போன மழையில் கவுண்டரின் பெரிய மகளைப் பிரசவ வலியோடு கம்பில் தூளி கட்டித் தூக்கி இறக்கினார்களாம். பாதி வழியிலேயே போய்விட்டாளாம்.

“ரோடு எப்பங்க வரும்?” என்றார் கவுண்டர்.

மைல்கல் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். ஓர் ஊரே என்னைப் பெரிய ஆபீசராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

“தை மாசம் வந்துடும்.”

மைல்கல் அதற்குமேல் சாப்பிடவில்லை. மறுநாள் இறங்கும்போது எண்ணவும் இல்லை.

மாசியில் கவுண்டர் என் மில்லுக்கே வந்துவிட்டார். மைல்கல்லும் அங்கே இருந்தார்.

“தை போயிடுச்சுங்களே. சின்ன மவளுக்கு இது ஏழாம் மாசம்.”

என் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நெல் மூட்டையைப் பார்த்தேன்.

“தப்பு என்னுதுங்க,” என்றார் மைல்கல். “கோடு போட்டது நான்தான். நாங்க சர்க்கார் ஆளுங்க இல்லீங்க.”

கவுண்டர் திட்டவில்லை. “கோழி போனா போவுதுங்க. நாங்க நம்பிட்டோம்,” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்த வாரமே மைல்கல் கடப்பாரையோடு மலைக்குப் போனார். பிறகு வாராவாரம் போனார். முள்ளை வெட்டினார், உருண்டு கிடந்த கல்லைத் தள்ளினார், வழுக்குப் பாறையில் படி கொத்தினார். தனியாகத்தான். விதி போட்டவன் மில்லில் இருந்தேன்.

வைகாசியில் அந்தச் சின்ன மகள் தூளியில் உயிரோடு இறங்கி வந்து பெற்றெடுத்தாள். அடுத்த ஐப்பசியில், படி கொத்திக்கொண்டிருந்த மைல்கல் நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவரையும் தூளியில்தான் இறக்கினார்கள். எங்கும் வழுக்கவில்லை என்றார்கள்.

இப்போது மலைக்குத் தார் ரோடு இருக்கிறது. பழைய பாதையில் அவர் பெயருக்கு ஒரு கல் நடப் போகிறார்களாம். நட்டால் என் பங்கை விட்டுவிடக் கூடாது. ‘தை மாசம் என்று சொன்னவன் இவன்’ என்று என் பெயரையும் வெட்ட வேண்டும். அதற்குக் கீழே, பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்த இடம் எத்தனை பர்லாங், எத்தனை அடி என்றும் போடுங்கள். சரியாக எண்ணிப் போடுங்கள். தவறினால் அவர் திரும்பிப் போய்விடுவார்.