மத்தியான மழைக்கு எத்தனை சதவீதம்?

"நாப்பது சதவீதம்னா மழை வருமா, வராதா?" என்று சம்பந்தி கேட்டார்.

நாற்காலி வண்டியோடு பந்தல்காரர் வாசலில் நின்றார். புல்வெளியில் போடுவதா, கூடத்தில் போடுவதா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். மூன்று மணிக்குக் கல்யாண விருந்து. முந்நூறு பேர் வருகிறார்கள். கூடத்தில் நூறு பேர் உட்கார்ந்தால் நூற்றியோராவது ஆள் ஜன்னலில்தான் உட்கார வேண்டும்.

"மலையடிவாரம் பாருங்க. கோடையில மத்தியானத்துக்கு மேல இடிமழை வரலாம், வராமலும் போகலாம்" என்றார் பெண்ணின் அப்பாவான வானிலை அதிகாரி. இதைச் சொல்லித்தான் அவர் சம்பளம் வாங்குகிறார்.

"இதை எங்க தோட்டக்காரரே சொல்லுவாரே, சம்பந்தி."

அதிகாரிக்குச் சுருக்கென்றது. மகளைக் கொடுத்த இடம். பதினோரு வருடமாக மத்தியான மழையைப் பிசகாமல் சொல்கிறவர் என்று சம்பந்தி ஊரெல்லாம் பெருமையடித்து வைத்திருந்தார். இன்று மானம் போனால் மகள்தான் காலமெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"எம்பதுன்னு வெச்சுக்குங்க" என்றவர், பேச்சுக்குப் பலம் சேர்க்க அலுவலகத்துக்குப் போன் போட்டு அன்றைய அறிவிப்பையும் எண்பதாக மாற்றச் சொன்னார்.

நாற்காலிகள் கூடத்துக்குள் போயின. பத்தே நிமிடத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. வானத்தில் மருந்துக்குக்கூட மேகமில்லை.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "நம்ம வீட்ல நீங்க மழைன்னு சொன்னாத்தான் நான் தைரியமா துணி காயப்போடுவேன். அதை இவங்களுக்கும் தெரியவெச்சுடாதீங்க."

அதிகாரி மறுபடி போன் போட்டார். அறிவிப்பு இருபதானது. நாற்காலிகள் புல்வெளிக்கு வந்தன. கடைசி நாற்காலியைப் போட்டுவிட்டுப் பந்தல்காரர் வியர்வையை வழித்தபோது, மலைக்குப் பின்னால் வானம் உறுமியது.

"தொண்ணூறு" என்றார் அதிகாரி, யாரும் கேட்காமலேயே. அதற்கும் ஒரு போன் போட்டார். பாதி நாற்காலிகள் மறுபடி கூடத்துக்குள் போயின.

"சார், நாற்காலிக்கும் நாலு கால் இருக்கு. அதுவா நடந்து போகட்டும். எங்க ஆளுங்களால இனிமே முடியாது" என்றார் பந்தல்காரர்.

அதற்குள் விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். பாதி நாற்காலி உள்ளே, பாதி வெளியே. எங்கே உட்காருவது என்று தெரியாமல் வந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள்.

"உள்ளேயா, வெளியேயா? ஒரே வார்த்தையில சொல்லுங்க சம்பந்தி" என்றார் சம்பந்தி. குரலில் பழைய மரியாதை இல்லை. வாசலில் மகள் முகம் வாடி நின்றாள்.

ஒரு வழி மிச்சமிருந்தது. இங்கே மழை முதலில் மலையுச்சியில் பெய்துவிட்டுத்தான் கீழே இறங்கும். உச்சியில் மழைமானியைப் பார்த்து, தினமும் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி அனுப்ப ஓர் ஊழியர் இருந்தார். அவர் அனுப்பிய அளவு ஒருநாள்கூட அதிகாரியின் கணிப்பைப் பொய்யாக்கியதில்லை.

எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டு, அதிகாரி அவரை அழைத்தார்.

"மேல மழை ஆரம்பிச்சிடுச்சாப்பா?"

"பதினோரு வருஷமா உங்க அறிவிப்பைப் பார்த்துத்தானே சார் மழை அளவை எழுதி அனுப்பறேன், இன்னிக்கு நீங்க எம்பது, இருபது, தொண்ணூறுன்னு மாத்திக்கிட்டே இருந்தா நான் எதைப் பார்த்து எழுதறது?"