கடிதம் கொடுக்க ஒரு டாக்டர்

"அதென்ன அநியாயம்? சிபாரிசுக் கடிதம்னா யார் கொடுத்தா என்ன? டி.ஓ. டாக்டர்தான் கொடுக்கணுமா?" கணினித் திரையைப் பார்த்துக் கத்தினாள் டிரெஸ்ஸா.

"மெதுவாடி. உள்ளே பேஷண்ட் இருக்காங்க" என்றாள் வரவேற்பு மேஜையில் இருந்த மார்லிஸ்.

டாக்டராவதற்கு இரண்டு வழி உண்டு. எம்.டி. ஒன்று, டி.ஓ. இன்னொன்று. இரண்டு பேரும் பார்ப்பது ஒரே வைத்தியம்தான்; எலும்பையும் தசையையும் கையால் அழுத்திச் சரிசெய்யும் வித்தையை டி.ஓ.க்கள் கூடுதலாகப் படிப்பார்கள். டிரெஸ்ஸாவின் சுமாரான மதிப்பெண்களைப் பார்த்துப் பதினொரு எம்.டி. கல்லூரிகள் கையை விரித்துவிட்டன. மிச்சம் ஒரே ஒரு டி.ஓ. கல்லூரி. வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் போகாவிட்டால் அதுவும் இல்லை. இன்று திங்கள்.

அயோவாவின் அந்தச் சிற்றூரில் டாக்டர் ஸ்ட்ராட் சொல்லச் சொல்ல நோயாளிக் குறிப்புகளைத் தட்டச்சு செய்வது அவள் வேலை. மூன்று வருஷமாகிறது. ஆனாலும் அவரிடம் இந்த விஷயத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. சொன்னால் சிரிப்பார். அந்த எம்.டி. திமிர் அவளுக்குத் தெரியாதா?

எழுபது மைல் தள்ளி ப்ரூயிட் என்று ஒரு டி.ஓ. டாக்டர் கிடைத்தார். "ரெண்டு நாள் என்கூட நின்னு வேலையைப் பாரு. அப்புறம் எழுதறேன்" என்றார் போனில்.

இரண்டு நாள் லீவுக்கு எங்கே போவது?

"டாக்டர், எங்க கார்டி மாமா... தவறிட்டார்."

"அடடா! போயிட்டு வாம்மா. மனசைத் தேத்திக்கோ."

செவ்வாய் மாலையே டாக்டர் ஸ்ட்ராட் துக்க வீட்டுக்குச் சாப்பாடு எடுத்துப் போனார். அது அந்த ஊர் வழக்கம். கோழியும் நூடுல்ஸும் சீஸும் போட்டுச் சுட்டது, ஒரு பெரிய பாத்திரம் நிறைய. கதவைத் திறந்தவர் கார்டி மாமா.

"கார்டி வீடு இதுதானே?"

"நான்தான் கார்டி. அட, வாசனை தூக்குதே! உள்ளே வாங்க."

புதன் காலை டிரெஸ்ஸாவுக்குப் போன் வந்தது. "என்னம்மா, உங்க மாமா ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாரே?"

"அது... அவர் வேற, டாக்டர். ரெட்டைப் பிறவி. ரெண்டு பேருக்கும் ஒரே பேர்."

"பெத்தவங்களுக்கு அவ்வளவு பேர்ப் பஞ்சமா?"

அவ்வளவுதான், தம்பியை இழந்த கார்டி மாமாவுக்கு ஆறுதல் சொல்லி மருத்துவமனை முழுக்கக் கையெழுத்துப் போட்ட அட்டை ஒன்று போய்ச் சேர்ந்தது. செத்த தம்பி யாரென்று கேட்டு மாமா அவளைப் பிடிபிடியென்று பிடித்தார்.

இரண்டு நாளும் ப்ரூயிட் கூடவே நின்றுவிட்டு வியாழன் காலை வேலைக்கு வந்தாள். கடிதம் மட்டும் வரவில்லை. ப்ரூயிட்டுக்குப் போன் செய்தாள்.

"மூணு வருஷமா உன்னை வச்சு வேலை வாங்கறவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதறேன்."

அவள் ஓடி வருவதற்குள் உள்ளே மணி அடித்து, ஸ்ட்ராட் போனை எடுத்துவிட்டார். "யாரு, நம்ம டிரெஸ்ஸாவா? டி.ஓ.வுக்கா? உங்ககிட்ட வந்து கடிதம் கேட்டாளா?" அப்புறம் ஒரே சிரிப்பு. அந்தப் பக்கமும் சிரிப்பது வாசல்வரை கேட்டது.

டிரெஸ்ஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"சிரிங்க டாக்டர், நல்லாச் சிரிங்க! என் மார்க் சுமார்தான். அதுக்கென்ன? வயித்துவலின்னு வர்றவன் என் மார்க்கையா கேக்கப் போறான்? உங்களுக்கெல்லாம் டி.ஓ.ன்னா இளக்காரம்! எனக்கு அந்தப் படிப்புமேல உசிரு. ஒரு டி.ஓ. டாக்டரை நான் பத்தடி தூரத்துலயே கண்டுபிடிச்சிடுவேன், தெரியுமா? அவங்க பேஷண்டைத் தொடுற விதமே வேற!"

டாக்டர் ஸ்ட்ராட்டுக்கு, பாவம், மறுபடி சிரிப்பு வந்துவிடும்போலிருந்தது.

பின்னாலேயே ஓடிவந்த மார்லிஸ்தான் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"மூணு வருஷமா நீ முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கியே, அந்தச் சுவர்ல கண்ணாடி போட்டுத் தொங்குது பாரு... அது நம்ம டாக்டரோட டி.ஓ. பட்டம்டி!"