ஐந்நூற்று ஐம்பத்தைந்து மெகாபிட் கோதண்டபாணி

திருத்தணி ஆவணக் கணினிமயத் துணை அலுவலகத்தில் நொடிக்கு இரண்டு மெகாபிட் வேகத்தில் ஒரு வாடகை லைன் இருந்தது. பழைய பத்திரங்களின் படங்களைச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது அதன் கடமை. ஒரு டிஸ்க் நிறைய இருக்கும் படங்களை அனுப்ப அதற்கு நாற்பத்தாறு நாள் ஆகும். அதனால் அலுவலக உதவியாளர் கோதண்டபாணி அந்த டிஸ்க்கையே மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, தினமும் மின்சார ரயிலில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். வேலை ஒழுங்காக நடந்தது. அது தணிக்கைக்குப் பொறுக்கவில்லை.

டிஸ்க்கின் அளவு பைட்டில் இருக்கிறது, லைனின் வேகம் பிட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒரே அலகில் காட்டி, எது வேகமோ அதை மட்டும் வைத்துக்கொள்க என்று ஆட்சேபம் வந்தது.

துணை இயக்குநர் மனோரமா கணக்கில் புலி. டிஸ்க் ஒரு டெராபைட். பைட்டுக்கு எட்டு பிட் என்று பெருக்கினார். அலுவலக வாசலிலிருந்து அலுவலக வாசலுக்கு நாலு மணி நேரம். நொடியாக்கி வகுத்தார். இரண்டு முறை வகுத்தும் அதே விடைதான் வந்தது.

"கோதண்டபாணி, நீங்க ஐந்நூற்று ஐம்பத்தைந்து!"

"சுகரா மேடம்? மாத்திர போட்டுகினுதாங்க இருக்கேன்."

"மெகாபிட்டுங்க. நம்ம லைன் மாதிரி இருநூத்தி எழுபத்தேழு லைனுக்கு நீங்க ஒருத்தரே சமம்."

வாடகை லைன் வேண்டாமென்று திருப்பி ஒப்படைக்கப்பட்டது. மேற்படி கோதண்டபாணி இன்று முற்பகல் முதல் தரவுத் தடமாகக் கருதப்படுவார் என ஆணை பிறந்தது. கருதினால் போதுமா? தடத்துக்கு ஏது பயணப்படி? அதை நிறுத்தினார்கள். மழைக்கோட்டு மட்டும் கேபிள் உறை என்ற தலைப்பில் வாங்கித் தந்தார்கள். அரக்கோணத்தில் இறங்கி ஒரு டீ குடித்ததற்கு, வழியில் வேகம் குறைந்த காரணத்தை எழுத்துமூலம் கேட்டார்கள்.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். ஆடிக் கிருத்திகை வந்தபோதுதான் லீவு கேட்கப் போனார். மகள் யோகலட்சுமி பி.இ. முடித்துவிட்டு வருஷக்கணக்காக அரசுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கவர்மெண்ட் வேலை கிடைக்க வேண்டுமென்று மலைமேல் இருக்கிறவனுக்குப் புஷ்பக் காவடி நேர்ந்திருந்தார். மனைவி அனுசுயா பூவுக்கு முன்பணமே கொடுத்துவிட்டாள்.

"அன்னிக்கு உள்ளூர் விடுமுறைதானே மேடம்?"

"ஊழியருக்குத்தான் விடுமுறை. லைனுக்கு ஏதுங்க? நாங்கல்லாம் மலைக்குப் போறோம், நீங்க வேலை செய்ங்க."

"நான் மனுஷன் மேடம்."

"ஆங், அது உங்க சொந்த விஷயம். ரெக்கார்டுல நீங்க லைன்."

கோதண்டபாணிக்கு அழுகையே வந்துவிட்டது. மனோரமாவும் கல்நெஞ்சக்காரர் அல்ல. விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, லைன் பழுதானால் நிற்கலாம் என்று கண்டுபிடித்து, அவரே புகார் பதிந்தார். மறுநாள் பழுது பார்க்கும் எழிலன் பெட்டியோடு வந்தான். கோதண்டபாணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"ஒரு தபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

"இப்பதாம்பா தூங்கி எய்ந்து வந்துகினு இருக்கேன்."

"அப்ப ஒண்ணியும் பண்ண முடியாது" என்று சொல்லி, சீர்செய்ய இயலாத பழுது, மாற்றுக என எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

கிருத்திகையன்று கோதண்டபாணி கண்ணீர் மல்கக் காவடி எடுத்துப் படியேறினார். மறுநாள் அலுவலகம் போனால், இணைப்பு துண்டிக்கப்பட்டது என்ற ஆணை காத்திருந்தது. தலைமை அலுவலகம் புதுத் தடம் வேண்டி விளம்பரமும் கொடுத்துவிட்டது. தகுதி: பொறியியல் பட்டம், ரயில் சீசன் டிக்கெட். இதைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்தும் அம்மையார்குப்பத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்து விண்ணப்பித்தார்கள். கடைத்தெருவில் பயிற்சி மையம் திறந்தார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பட்டதாரிகள் விடியற்காலையில் மலைப்படி ஏறி இறங்கினார்கள்.

"நைனா, நானும் போடட்டுமா?" என்றாள் யோகலட்சுமி.

"லைனாம்மா? என்ன என்ன பாடு படுத்துனாங்கன்னு பாத்துகினுதான இருந்த?"

"லைனா இருந்தா இன்னா நைனா? கவர்மெண்ட் லைனுதானே!"

அந்த நியாயம் அவருக்குச் சட்டென்று உறைத்தது. நேராகப் போய் மனோரமா முன் கைகட்டி நின்றார். பழுதாகி விலக்கப்பட்டவரின் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை தரலாம், டெண்டரும் வேண்டாம் என்று மனோரமா குறிப்பெழுதினார். யோகலட்சுமிக்கு இரண்டு டெராபைட் டிஸ்க் கொடுத்தார்கள். அப்பாவைப்போல் இரண்டு மடங்கு. தெருவெல்லாம் சர்க்கரைப் பொங்கல்.

அடுத்த தையிலேயே பெண் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம். பையன் சென்னையில் பெரிய கம்பெனியில் இன்ஜினியர், கை நிறையச் சம்பளம்.

அனுசுயா காபியை வைத்துவிட்டு, "எங்க பொண்ணு ஆயிரத்து நூத்திப் பத்து மெகாபிட்டுங்க. தம்பி எவ்ளோ?" என்று கேட்டாள்.

பையனின் அம்மா தயங்கித் தயங்கி, "அவன் பிரைவேட்டுங்க. அங்கெல்லாம் ஆளாத்தான் வச்சிருக்காங்க" என்றாள்.

அனுசுயா கணவனை உள்ளே கூப்பிட்டாள். "வெறும் மனுஷனுக்கா நம்ம பொண்ணக் குடுக்கறது?"

கோதண்டபாணி கொஞ்சமும் யோசிக்கவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அவர்களை அனுப்பிவைத்தார்.