ஏழாம் கட்டத்தில் இரண்டு விண்மீன் திரள்கள்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இதை எழுதுபவன் தங்கள் ஒரே தங்கையின் கணவன். எக்ஸ்-கதிர் விண்தொலைநோக்கி நிலையத்தில் விண்ணப்பச் சரிபார்ப்பு அதிகாரி. நோக்கம், தாங்கள் அவளிடம் பேசி, அவளை என்னிடம் பேச வைப்பது. இங்கு நாங்கள் இருவரும் தனித்தனியே நலம். அங்கு தாங்கள் அனைவரும் சேர்ந்தே நலமாயிருக்க வேண்டுகிறேன்.

தங்கள் தங்கை ஆராய்வது, மோதிக் கலந்துகொண்டிருக்கும் இரண்டு விண்மீன் திரள்களை. சாதாரணத் தொலைநோக்கியில் நடுவே தூசு மூட்டம்தான் தெரியும். அதற்குள் இரண்டு கருந்துளைகள் வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கின்றனவா என்பதைத் தூசைத் துளைத்து வரும் எக்ஸ்-கதிர்தான் காட்டும். மூன்றாண்டு உழைத்து, எங்கள் தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பித்தாள். இம்முறை தவறினால் அடுத்த வாய்ப்பு ஓராண்டு கழித்து. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் படிவத்தின் ஏழாம் கட்டம் 'நோக்கப்படும் பொருள் (ஒன்று மட்டும்)' என்கிறது, அவளோ இரண்டு பெயர் எழுதியிருந்தாள். உறவினருக்குச் சலுகை காட்டலாகாது என்பது விதி. காட்டவில்லை. 'ஒன்றா, இரண்டா? தெளிவுபடுத்துக' என்று குறித்துத் திருப்பினேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து கிடக்கு. ஒரே படத்துல விழுந்துடும். எதுக்கு ரெண்டு படிவம்?"

"படத்துல விழலாம். கட்டத்துல விழக்கூடாது."

"நம்ம கல்யாணத்தைப் பதிவு பண்ணப்ப ஒரே படிவத்துல ரெண்டு பேரை எழுதலையா?"

"அதுல ரெண்டு கட்டம் இருந்துச்சு."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் அலுவலகம் வழியாகவே பதில் வந்தது: 'ஐயா, இப்போதைக்கு இரண்டு. ஐம்பது கோடி வருஷம் பொறுத்தால் ஒன்றாகிவிடும். பொறுக்க முடியுமா?' மைத்துனர் அவர்களே, எழுத்தில் வந்த கோரிக்கையை நான் எப்படிப் புறக்கணிப்பேன்? 'விண்ணப்பதாரர் ஐம்பது கோடி ஆண்டு அவகாசம் கோருகிறார். உச்சவரம்பு பதினான்கு நாள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி முத்திரை குத்தினேன்.

இயக்குநர் அம்மையார் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், அது கிண்டல் சார்!"

"கிண்டலுக்குப் படிவத்துல இடம் இல்லையே, மேடம்."

"இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் நீங்களே வாபஸ் வாங்கிக்கலாம். வீட்டுக்குப் போய் நிதானமா யோசிங்க."

வந்து யோசித்தேன். விதி இடம் தரவில்லை. அவளோ தன் மேசையைப் பக்கத்து அறைக்கு நகர்த்திக் கதவையும் சாத்திக்கொண்டாள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே வீடு. உள்ளே இரண்டு மையங்கள், இரண்டும் கொதிநிலையில். ஆகவே, அடுத்த ஆண்டு முறைப்படி இரண்டு படிவங்கள் தருமாறு தாங்கள் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். தங்கள் இல்லத்தில் எல்லா நலமும் நிறைக.

பணிவுடன்,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: விதியை வரி பிசகாமல் எடுத்துக்காட்ட எண்ணி விதிநூலைத் திறந்தேன். பிற்சேர்க்கையில் ஏழாம் கட்டத்துக்கு ஒரு விளக்கம் இருக்கிறது: 'ஒரே படத்தில் அடங்குபவை எத்தனையாயினும் ஒரு பொருளாகவே கொள்க.' அதன் கீழே, தயாரித்தவரின் கையொப்பம். பதினோராண்டுப் பழையது, என்னுடையது. மணி நாலு இருபது. மேலே எழுதிய எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். இயக்குநருக்குத் தொலைபேசியில் சொல்லி நிராகரிப்பை உடனே திரும்பப் பெற்றுவிட்டு, பக்கத்து அறைக் கதவைத் தட்டப் போகிறேன். மன்னிக்க அவள் எத்தனை அவகாசம் கேட்டாலும், இம்முறை முத்திரை குத்தாமல் வாசலிலேயே நிற்பேன்.