இரும்புலியூர்க் குழியின் தவளைக் கணக்கு

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் எட்டாவதோடு நின்றவள். ஒருவருடைய பதவியை மாற்றிச் சொல்லிவிட்டால் அதற்கும் தனியாக ஒரு நோட்டீஸ் வரும். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

இரும்புலியூரில் எங்கள் சமையலறைக்குப் பின்னால் ஒரு குழி. நான்கு வருஷத்துக்கு முன் குழாய் போடத் தோண்டினார்கள். குழாய் வரவில்லை, குழி தங்கிவிட்டது. போன ஐப்பசி மழையில் அது நிரம்பித் தண்ணீர் சமையலறைக்குள் வந்து, காலி சிலிண்டர் மிதந்தது. இந்த வருஷம் மழைக்கு முன்பே குழியை மூட, என் வீட்டுக்காரர் யேசுதாசன் ஒரு லோடு ரப்பிஷ் இறக்கினார். இடித்த வீட்டின் செங்கல்லும் காரையும்தான்.

மறுநாள் பதினொன்றேகாலுக்கு ஒருவர் வந்தார். பெயர் சுந்தர்சிங். பதவி, அழிவின் விளிம்பிலுள்ள நீர்நில வாழ்வன மதிப்பீட்டுத் திட்டத்தின் தற்காலிக உதவி ஆய்வாளர். நடுவில் மூச்சு விடாமல் சொன்னார்.

“இந்தக் குழியில அரிய வகைத் தவளை இருக்கும்மா. போன வருஷக் கணக்கு பதினாலு. மறுபடி எண்ணணும்.”

நாற்காலி போட்டேன். நாலரை மணிவரை குழியையே பார்த்தார். இடையில் இரண்டு டீ, ஒரு தூக்கம். பிறகு ஃபாரத்தில் பூஜ்யம் என்று எழுதினார்.

“சார், ஆறு மணிக்கு மேல வாங்க. அதுங்க போடுற சத்தத்துல டிவியே கேக்காது.”

“ஆபீஸ் நேரம் பத்துல இருந்து அஞ்சும்மா. அதுக்கப்புறம் வர்ற தவளையை நான் எப்படி எண்ணுறது?”

“அப்ப போன வருஷம் மட்டும் பதினாலு எப்படி வந்துச்சு?”

“அன்னைக்கு மேகமூட்டம். பொழுது சாஞ்சிடுச்சுன்னு ஏமாந்து வெளிய வந்திருக்கும்.”

பதினாலு பூஜ்யமாகிவிட்டது, நூற்றுக்கு நூறு வீழ்ச்சி. இப்படி ஒரு வீழ்ச்சியை அவருடைய ஆபீஸே பார்த்ததில்லையாம். அந்தச் சந்தோஷத்திலேயே ‘இங்கு மனிதத் தலையீடு தடைசெய்யப்பட்டுள்ளது’ என்று கதவில் ஒரு தாளை ஒட்டினார். குழியை மூடினால் கேஸ்.

இரண்டு நாள் கழித்துக் கொசு ஒழிப்பு அதிகாரி பரணி வந்தார். குழியில் கரண்டியை விட்டுத் தண்ணீரை மொண்டு, நெளியும் புழுவை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இன்னாம்மா, டெங்குப் பண்ணை வச்சிகினு கீறீங்களா? மூணு நாள்ல குழிய மூடலேன்னா கேஸ்.”

“மூடினா கேஸுன்னு அந்தத் தாள்ல போட்டிருக்கே சார்?”

“அது அவங்க தாளு. இது எங்க தாளு.” பக்கத்திலேயே ஒட்டினார்.

மூடினால் ஒரு கேஸ், மூடாவிட்டால் ஒரு கேஸ், மழை வந்தால் சமையலறை போச்சு. எனக்குச் சோறு இறங்கவில்லை. இருவரையும் ஒரே நாளில் வரச் சொன்னேன். சண்டை போடுவார்கள், யாராவது ஒருவர் ஜெயிப்பார், அவர் சொன்னபடி செய்துவிடலாம் என்பது என் கணக்கு. அவர்களோ ஒன்றாக டீ குடித்து, ஒற்றுமையாக ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

“தண்ணி இருக்கட்டும். ஆனா தேங்கக் கூடாது” என்றார் பரணி.

“அதெப்படி சார்?”

“நாள்பூரா கலக்கிகினே இருந்தா அது தேங்கின தண்ணி இல்ல.”

“கலக்கலாம்” என்றார் சுந்தர்சிங். “ஆனா மனிதத் தலையீடு இல்லாம கலக்கணும்.”

“சார், அந்தத் தவளைங்களே கொசுவைத் தின்னுடுமே?”

இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

“பூஜ்யம் தவளை எப்படிம்மா தின்னும்?”

கூட்டு உத்தரவு பிறந்தது. செவ்வாயும் வெள்ளியும் சோதனை. கலக்காவிட்டாலும் கேஸ், கலக்கியது தெரிந்தாலும் கேஸ். வீட்டில் வசிப்பவரே பொறுப்பு.

கடைசி வரியை எழுத்துக்கூட்டிப் பத்துத் தடவை படித்தேன். வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரரிடம், கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். நான் உள்ளே ஜன்னலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டேன். வந்தார்கள், தட்டினார்கள்.

“வசிப்பவர் எத்தனைன்னு எழுதட்டும்?” இது பரணி.

“பூஜ்யம்.”

“அப்ப கேஸ் யார் மேல சார்?”

“பூஜ்யத்து மேல எப்படிப் போடுறது? வாங்க போகலாம்.”

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து பூட்டைத் திறந்ததும் அடுத்த வீட்டுக் கன்னியம்மா அக்கா வந்தார். அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் இரண்டு தாள் ஒட்டியிருந்தார்கள்.

“ஹில்டா, உன் வூட்ல மட்டும் கேஸ் போடலியாமே? இன்னாடி பண்ணே?”

சொன்னேன். அக்காவிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. அடுத்த செவ்வாய்க்கிழமை பகலில் எல்லா வீட்டிலும் பூட்டு தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை, எந்த ஆபீஸும் இல்லாத நாள், எல்லோரும் சேர்ந்து அந்த ரப்பிஷை அள்ளிச் சமையலறைக்கும் குழிக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழுப்பினோம். குழியைத் தொடவில்லை. மழை வந்தது. தண்ணீர் சுவரோடு நின்றது, சிலிண்டர் நின்ற இடத்தில் நின்றது. தவளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் தெருவில் அறுபத்துமூன்றாக இருந்த மனிதர் தொகை ஒரே மாதத்தில் பூஜ்யமாகிவிட்டதாக அறிக்கை போயிருக்கிறது. தவளையைவிடப் பெரிய வீழ்ச்சி. காரணத்தை ஆராயப் புதுத் திட்டம், சுந்தர்சிங் சாருக்கு நிரந்தரப் பதவி, ஒரு ஜீப், உதவிக்குப் பரணி. எல்லாம் ஜன்னலுக்கு அடியில் கேட்டதுதான்.

இன்று காலை பத்தரைக்கும் வந்து நின்றார்கள்.

“எங்கேதான் போயிருப்பாங்க? நல்ல ஜனங்க பரணி, நல்லா டீ போடுவாங்க” என்றார் சுந்தர்சிங். மூக்கை உறிஞ்சினார். எனக்கே மனசு கேட்கவில்லை, கதவருகே போய்விட்டேன்.

“கவலைப்படாத சார். ஒரு சின்ன சத்தம் கேட்டாப் போதும், ஒண்ணுன்னு எழுதிடலாம்” என்றார் பரணி. “எழுதினதும் அந்த ஒண்ணு மேல கேஸ் போட்டுடலாம்.”

அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. ஓசைப்படாமல் ஓடி, குக்கர் விசில் அடிப்பதற்குள் அடுப்பை அணைத்தேன்.